மூல ஓலை எங்கே?

பெருமுக்கல் மலைமேல் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் யாரென்று பார்த்தேன்.

நான்.

சத்தியமாக நானேதான். என் பெயர், என் முகவரி, ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. ‘உன் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டேன். சந்தேகமிருந்தால் இந்தக் கடிதம் எந்த முகவரியிலிருந்து வந்திருக்கிறது என்று பார். பிட்காயினாகப் பணம் அனுப்பு. இல்லாவிட்டால் உன் மானம் போகும்’ என்று எனக்கு நானே எழுதியிருந்தேன்.

பக்கத்திலிருந்த நண்பன் எட்டிப் பார்த்தான். ‘என்னடா, உன்னை நீயே மிரட்டிக்கறே?’ என்று சிரித்தான். சட்டென்று சிரிப்பு நின்றுவிட்டது. காரணம் இருந்தது.

அவன் என்னோடு பி.காம். படித்தவன். திண்டிவனத்தில் பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். கணக்கில் புலி. அவன் நோட்டைப் பார்த்து எழுதித்தான் நான் காஸ்ட் அக்கவுன்டிங் பாஸ் செய்தேன். அப்படிப்பட்டவனுக்கு ஆறு மாதம் முன்னால் ஒரு மெயில் வந்தது. பதினொரு வருடமாகச் சரக்கு அனுப்பும் கம்பெனியிடமிருந்து. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. இனி கீழ்க்கண்ட எண்ணுக்குப் பணம் அனுப்பவும்.’ அனுப்பினான். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். பத்து நாள் கழித்து நிஜ கம்பெனியிலிருந்து போன் வந்தது. ‘என்ன சார், பேமென்ட் இன்னும் வரலையே?’

போலீஸ், வங்கி, புகார் எல்லாம் ஆயிற்று. பணம் வரவில்லை. அந்த வருடம் கடைப் பையன்களுக்கு தீபாவளி போனஸை வட்டிக்கு வாங்கித்தான் கொடுத்தான்.

‘அட்ரஸ் கரெக்டா இருந்துச்சுடா’ என்றான் மலைமேல். ‘அட்ரஸைப் பார்த்துதானே நம்பறோம்? அதுவே பொய்னா, அப்புறம் எதைத்தான் பார்க்கறது?’

நியாயமான கேள்வி. இதற்கு பதில் சொல்ல கலிபோர்னியா வரை போகவேண்டும். போவோம். ஆனால் அதற்கு முன்னால், நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையிலிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள்ளேயே இந்தக் கேள்விக்கு மூன்று பழைய பதில்கள் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பார்த்துவிடுவோம்.

*

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது பெருமுக்கல். மலை உச்சியில் முக்தியாலீஸ்வரர் கோயில், சுவரெல்லாம் சோழர் காலக் கல்வெட்டு. சுற்றிலும் இடிந்துபோன கோட்டை. ஆங்கிலேயர் ஆவணங்களில் இதன் பெயர் பெர்மாகோயில். 1760-ல் அயர் கூட் என்கிற ஆங்கிலேயத் தளபதி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கோட்டை.

இங்கிருந்து வடமேற்கே போனால் வந்தவாசி. அங்கேயும் ஒரு கோட்டை. வருடம் 1780, ஆகஸ்ட் மாதம். ஹைதர் அலியின் படை ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியிருக்கிறது. வந்தவாசிக் கோட்டை, ஆற்காட்டு நவாப் முகமது அலியின் கில்லேதார் கையில். கோட்டையை ஹைதரிடம் ஒப்படைத்துவிடுவதென்று அவர் முடிவு செய்துவிட்டார்.

அதைத் தடுக்க கம்பெனி சர்க்கார் அனுப்பியது ஒரு சின்ன அதிகாரியை. லெப்டினன்ட் ஃபிளின்ட். கூடவே நூறு சிப்பாய்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. கிட்டே வந்தால் சுடுவோம் என்று செய்தி வந்தது. நூறு பேரை வைத்துக்கொண்டு கோட்டையை உடைக்க முடியுமா?

ஃபிளின்ட் ஒன்றுதான் சொன்னார். நவாப்பின் கடிதம் கொண்டுவந்திருக்கிறேன், கில்லேதார் கையில்தான் கொடுக்கவேண்டும்.

நவாப் என்றதும் விறைப்பு தளர்ந்தது. உள்ளே வரக்கூடாது, வாசலில் வைத்து வாங்கிக்கொள்கிறேன் என்றார் கில்லேதார். ஃபிளின்ட் நான்கு சிப்பாய்களோடு போனார். கடிதம் எங்கே? நவாப்பின் கடிதம் இல்லை, கம்பெனியின் உத்தரவுதான் இருக்கிறது என்று நீட்டினார். கில்லேதார் அதை ஏளனம் செய்தார். அடுத்த கணம் அவர் ஃபிளின்டின் பிடியில். நெஞ்சுக்கு நேரே துப்பாக்கிச் சனியன்கள். மற்ற சிப்பாய்கள் ஓடிவந்து நுழைய, கோட்டை கைமாறிவிட்டது. ஐந்து மாதத்துக்கு மேல் அதை ஹைதருக்கு விடாமல் வைத்திருந்தார் ஃபிளின்ட். 1781 ஜனவரியில் கூட் படையோடு வந்து வந்தவாசி முற்றுகையை விலக்கினார். பிறகு இதே பெருமுக்கல்லுக்கும் வந்தார். இதையெல்லாம் கர்னல் வில்க்ஸ் தன் மைசூர் வரலாற்றில் விலாவாரியாக எழுதிவைத்திருக்கிறார்.

கவனியுங்கள். போலிக் கடிதம்கூடத் தேவைப்படவில்லை. ‘அனுப்பியவர் நவாப்’ என்ற சொல் போதுமானதாக இருந்தது. என் நண்பன் செய்ததும் இதுதான். கடிதத்தைச் சோதிக்கவில்லை. பெயருக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

சரி, கில்லேதார் என்ன செய்திருக்க வேண்டும்?

*

இரண்டாவது பதில் தெற்கே, விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற திருவெண்ணெய்நல்லூரில். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்ன கதை. பக்தியாகப் படித்தவர்கள்தான் அதிகம். நான் அதை ஒரு ஆடிட் ரிப்போர்ட்டாகவும் படித்திருக்கிறேன்.

சுந்தரருக்குக் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் ஒரு கிழவர் வந்து, ‘இவன் என் அடிமை. இவன் தாத்தா எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது’ என்கிறார். சுந்தரர் கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழித்தது படி ஓலைதான், மூல ஓலை ஊரில் பத்திரமாக இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது.

சபை செய்த காரியம்தான் விசேஷம். கிழவர் கொடுத்த மூல ஓலையை வாசித்துப் பார்த்ததும் அப்படியே நம்பிவிடவில்லை. தாத்தா எழுதிய வேறொரு ஓலையைப் பத்திரக் காப்பிலிருந்து எடுத்துவரச் சொல்லி, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது. அதன் பிறகுதான் தீர்ப்பு. வந்த கிழவர் சிவபெருமான் என்பது பிறகு தெரிகிறது. சாட்சாத் கடவுளே வந்தாலும் கையெழுத்தைச் சரிபார்க்காமல் விடமாட்டோம் என்று இருந்திருக்கிறார்கள் நம் விழுப்புரத்துக்காரர்கள்!

கொண்டுவந்தவன் கையில் இருக்கும் ஓலை சாட்சியாகாது. கொண்டுவந்தவன் கைபடாத இடத்தில் இருக்கும் இன்னொரு ஓலைதான் சாட்சி. வங்கியில் நம் கையெழுத்தை மாதிரிக்கு வாங்கி அட்டையில் வைத்துக்கொண்டு, காசோலை வரும்போது ஒப்பிட்டுப் பார்ப்பார்களே, அதே தத்துவம்.

மூன்றாவது பதில், விக்கிரவாண்டிப் பக்கம் இருக்கிற எசாலத்தில். 1987-ல் அங்கே ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன. ஏடுகளை ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயில் அரச முத்திரை. சோழன் புலி, பாண்டியன் மீன், சேரன் வில் எல்லாம் அதில் உண்டு. வளையத்தை உடைக்காமல் நடுவில் ஓர் ஏட்டைச் செருக முடியாது, உருவ முடியாது. அனுப்பியது யார் என்பதற்கு மட்டுமல்ல, வழியில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கும் முத்திரைதான் ஜாமீன்.

முத்திரை இருந்தும் ஏமாற்றினார்களா என்றால், ஏமாற்றினார்கள். கல்வெட்டு அறிஞர் ஃப்ளீட் 1901-ல் போலிச் சாசனங்களை மட்டும் தொகுத்து ஒரு நீளப் பட்டியலே வெளியிட்டார். நிலம் இருக்கிற இடத்தில் போலிப் பத்திரமும் இருக்கும்.

ஆக, பதில்கள் கைவசம். ஒன்று, பெயரை நம்பாதே. இரண்டு, வெளியே இருக்கும் ஆவணத்தோடு ஒப்பிடு. மூன்று, முத்திரை வை. இவ்வளவும் தெரிந்த உலகம்தான் மின்னஞ்சலைக் கண்டுபிடித்தபோது மூன்றையும் மறந்துவிட்டது.

*

1971-ல் ரே டாம்லின்சன், கணினி விட்டு கணினிக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். முகவரி நடுவே ‘அட்’ குறியைப் போட்டவரும் அவரே. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல், மின்னஞ்சல் எப்படிப் போகவேண்டும் என்று விதிமுறை எழுதினார். எஸ்.எம்.டி.பி. என்று பெயர். இன்றைக்கும் நம் மெயில்கள் அந்தத் தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன.

அதில் அனுப்புநர் பெயர் இரண்டு இடத்தில் வரும். ஒன்று உறைமேல், அஞ்சல் கணினிகளுக்காக. இன்னொன்று உள்ளே கடிதத் தலைப்பில். நம் கண்ணுக்குத் தெரிவது தலைப்பு மட்டும்தான். இரண்டிலும் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். நிஜமா என்று எந்தக் கணினியும் கேட்காது. போஸ்ட் கார்டில் ‘அனுப்புநர்: ஜனாதிபதி’ என்று எழுதிப் பெட்டியில் போட்டால் தபால்காரர் தடுப்பாரா? அது மாதிரிதான்.

போஸ்டலைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அந்த வலையில் இருந்ததே சில நூறு கணினிகள். எல்லாம் பல்கலைக்கழகம், ஆராய்ச்சிக்கூடம். ஒரே தெருக்காரர்களுக்குள் கைமாற்று வாங்கப் பத்திரமா எழுதுவோம்?

1984 ஏப்ரல் 1-ம் தேதி முதல் எச்சரிக்கை மணி அடித்தது. சோவியத் தலைவர் செர்னென்கோவின் பெயரில், நாங்களும் உங்கள் வலையில் சேர்ந்துவிட்டோம் என்று யூஸ்நெட்டில் ஒரு கடிதம். பனிப்போர் காலம். பலர் வாயைப் பிளந்தார்கள். எழுதியவர் ஆம்ஸ்டர்டாமில் இருந்த பீட் பேர்டெமா. ஏப்ரல் ஃபூல்! எல்லோரும் சிரித்தார்கள்.

1997-ல் சிரிக்க முடியவில்லை. அமெரிக்காவில் ஜோ டோல் என்பவர் தன் தளத்திலிருந்து ஒரு குப்பை மெயில் ஆசாமியை வெளியேற்றினார். அவன் பழிவாங்க, ஜோவின் பெயரிலேயே ஊருக்கெல்லாம் குப்பை மெயில் அனுப்பினான். வாங்கியவர்களின் ஆத்திரமெல்லாம் ஜோவின் தலையில் வந்து விடிந்தது. பெயரைத் திருடினால் பெயருக்குரியவனுக்கும் அடி, நம்பியவனுக்கும் அடி. பின்னாலேயே வங்கிகளின் பெயரில் கடிதங்கள் வர ஆரம்பித்தன. ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, பாஸ்வேர்டைத் தரவும்.’

*

மருந்து கண்டுபிடிக்க இருபது வருடம் ஆயிற்று. மூன்று தவணைகளில் வந்தது.

முதல் தவணை எஸ்.பி.எஃப். 2002-ல் பால் விக்ஸி உள்ளிட்ட சிலர் தனித்தனியாக யோசித்ததை, 2003-ல் மெங் வெங் வாங் என்பவர் ஒன்றாகத் திரட்டினார். இணையத்தில் ஒவ்வொரு நிறுவனப் பெயருக்கும் ஒரு பொதுப் பதிவேடு உண்டு. டி.என்.எஸ். என்பார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், சொந்தக்காரர் மட்டும்தான் எழுதலாம். ‘என் பெயரில் கடிதம் கொண்டுவர இன்னின்ன கணினிகளுக்கு மட்டும்தான் அனுமதி’ என்று அதில் எழுதிவைத்துவிட வேண்டும். கடிதம் வாங்கும் கணினி, பட்டியலை எடுத்து ஒப்பிடும். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையேதான்!

2004 ஜனவரியில் டாவோஸில் பேசிய பில் கேட்ஸ், இரண்டே வருடத்தில் குப்பை மெயில் தொல்லை தீர்ந்துவிடும் என்றார். நடந்தது வேறு. மைக்ரோசாஃப்ட் தன் யோசனையை எஸ்.பி.எஃப்.போடு இணைக்கப் பார்த்தது. அதன் காப்புரிமை நிபந்தனைகளைத் திறந்த மென்பொருள்காரர்கள் ஏற்கவில்லை. சண்டை. பொது விதிமுறை எழுத அமைத்த குழு அந்த செப்டம்பரிலேயே கலைக்கப்பட்டது. எஸ்.பி.எஃப். 2006-ல்தான் ஆவணமாக வெளிவந்தது. அதுவும் ‘சோதனை முயற்சி’ என்ற அடைமொழியோடு.

இரண்டாம் தவணை டி.கே.ஐ.எம். இது முத்திரை வளையம். 2004-ல் யாஹூவின் மார்க் டிலேனி வடிவமைத்ததும், சிஸ்கோ வைத்திருந்ததும் சேர்ந்து 2007 மே மாதம் பொது விதியானது. நிறுவனத்திடம் ஜோடியாக இரண்டு சாவிகள். ரகசியச் சாவியால் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு கணக்கு முத்திரை போடும். மற்றது பொதுப் பதிவேட்டில் தொங்கும். வாங்குபவர் அதை வைத்து முத்திரையைச் சோதிக்கலாம். வழியில் ஓர் எண்ணை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது.

முத்திரை மெலிந்திருந்தால் என்ன ஆகும்? 2011 டிசம்பரில் சக்கரி ஹாரிஸ் என்கிற கணித நிபுணருக்கு கூகுளிலிருந்து ஒரு வேலை மெயில் வந்தது. நிஜமா என்று முத்திரையைச் சோதித்தார். நிஜம்தான். ஆனால் சாவி வெறும் 512 பிட். ரொம்பச் சின்னது. ஓஹோ, இதைக் கண்டுபிடிக்கிறேனா என்று பரீட்சை வைக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டார். வாடகைக் கணினி பிடித்தார். சுமார் 75 டாலர் செலவில், மூன்றே நாளில் ரகசியச் சாவியைக் கணக்கிட்டுவிட்டார். பிறகு கூகுள் நிறுவனர் செர்கி பிரின் எழுதுவதுபோல இன்னொரு நிறுவனரான லாரி பேஜுக்கு ஒரு மெயில் போட்டார். பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கூகுள் சத்தமில்லாமல் 2048 பிட் சாவிக்கு மாறியிருந்தது. பரீட்சையெல்லாம் இல்லை, நிஜமாகவே ஓட்டை!

மூன்றாம் தவணை டிமார்க். 2012 ஜனவரியில் பேபால், கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ முதலானவர்கள் சேர்ந்து அறிவித்தது. முதல் இரண்டில் ஒரு பெரிய பொத்தல் இருந்தது. எஸ்.பி.எஃப். உறைமேல் உள்ள பெயரைத்தான் சோதிக்கும். திருடன் உறையில் தன் சொந்த முகவரியை எழுதி, உள்ளே தலைப்பில் உங்கள் முகவரியைப் போட்டால் பாஸாகிவிடுவான். டிமார்க், உள்ளே தெரியும் பெயரும் சோதனையில் தேறிய பெயரும் ஒன்றா என்று பார்க்கும். ஒன்றில்லை என்றால் என்ன செய்வது? அதைப் பெயரின் சொந்தக்காரரே பதிவேட்டில் எழுதிவைக்கலாம். பரவாயில்லை விட்டுவிடு, ஓரமாக வை, திருப்பி அனுப்பு. மூன்றில் ஒன்று.

2014 ஏப்ரலில் யாஹூ ‘திருப்பி அனுப்பு’ என்று எழுதியது. போலிகளோடு சேர்த்து, குழுக்கள் வழியாகச் சுற்றிவரும் நல்ல மெயில்களும் திரும்பின. ஏக களேபரம். அதைப் பார்த்துப் பயந்து ‘விட்டுவிடு’ என்றே எழுதிவைத்த நிறுவனங்கள் ஏராளம். 2024 பிப்ரவரியில்தான் கூகுளும் யாஹூவும் சேர்ந்து கண்டிப்பு காட்டின. தினமும் ஐயாயிரத்துக்கு மேல் மெயில் அனுப்புகிறவர்கள் மூன்றையும் வைத்திருக்கவேண்டும் என்று விதித்தன. போஸ்டல் விதி எழுதி 42 வருடம் கழித்து!

*

‘உன் மெயிலைக் காட்டு’ என்றேன் நண்பனிடம். அழிக்காமல் வைத்திருந்தான். மெயிலின் ஓரத்தில் மூன்று புள்ளியைத் தொட்டால் ‘அசலைக் காட்டு’ என்று ஒரு வசதி கம்ப்யூட்டரில் உண்டு. மலையிறங்கி அவன் கடைக்கு வந்து திறந்தோம். எஸ்.பி.எஃப். பாஸ். ஆனால் கேள்விப்படாத ஏதோ ஒரு முகவரிக்கு. டிமார்க் ஃபெயில். கம்பெனி பதிவேட்டில் எழுதியிருந்த உத்தரவு, ‘விட்டுவிடு’.

போலி என்று கடிதத்தின் நெற்றியிலேயே எழுதியிருந்திருக்கிறது. யாரும் அவனுக்கு வாசித்துக் காட்டவில்லை.

கம்பெனியை மட்டும் சொல்வானேன்? என் சொந்தத் தளத்தின் பெயரைத் தேடிப் பார்த்தேன். பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. வாங்கிப்போட்டு எட்டு வருடம். பூட்டே போடாத வீடு. என் பெயரில் எனக்கே கடிதம் வந்ததில் என்ன ஆச்சரியம்?

மூன்றும் இருந்துவிட்டால் ஆபத்து தீர்ந்ததா? தீராது. 2015-ல் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் 197 கோடி ரூபாயை இழந்தது. சவுதி நிறுவனத்துக்குப் போகவேண்டிய பணம், கிட்டத்தட்ட அதே மாதிரியான மின்னஞ்சல் முகவரியை வைத்துத் திசை திருப்பப்பட்டது. ஓர் எழுத்தை மாற்றிப் புதுப் பெயர் வாங்கினால், அந்தப் பெயருக்கு முத்திரையெல்லாம் முறைப்படியே போட்டுக்கொள்ளலாமே! முத்திரை அசல், ஊர்தான் வேறு. இதற்காகத்தான் 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. இந்திய வங்கிகள் எல்லாம் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் இணைய முகவரிக்கு அக்டோபர் 31-க்குள் மாறவேண்டும். அந்த வாலை வங்கியல்லாத யாருக்கும் கொடுக்கமாட்டார்கள்.

நண்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். கல்லா மேஜையிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்தான். ‘இப்பல்லாம் பேங்க் அக்கவுன்ட் மாறுதுன்னு மெயில் வந்தா, அதுல இருக்கற நம்பருக்குப் போன் பண்ண மாட்டேன். இதுல நான் கைப்பட எழுதிவச்ச நம்பருக்குத்தான் பண்ணுவேன். இது போதுமாடா?’

மூல ஓலையை அவன் கண்டுபிடித்துவிட்டான். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கொடுத்து.

அன்று ராத்திரி வீடு வந்ததும் முதல் வேலையாக என் தளத்துக்கு மூன்று பதிவுகளையும் எழுதினேன். கடைசிப் பதிவில் ‘திருப்பி அனுப்பு’. பிறகு அவன் கடைக்கு என்னென்ன செய்யவேண்டும் என்று விவரமாக ஒரு மெயில் எழுதி அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது.

‘உன் பேர்ல ஒரு மெயில் வந்திருக்கு. நீதான் அனுப்பினியா?’

‘நான்தான்டா.’

‘சரி, வை. இப்பத் தொறக்கறேன்.’